சீட்டுக்குப் பின்னால் ஒரு ஊஃபர் பெட்டி

என் வண்டியில் பாட்டு இருந்தது, பேஸ் என்கிற அந்த அடி அதிர்வு இல்லை. வாங்கும்போதே கதவுக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர் வைத்துக் கொடுத்திருந்தார்கள். அதில் தவில் வாசித்தால் எண்ணெய் டின்னைத் தட்டுவது போல் கேட்கும். எவ்வளவு பெரிய பாடகராக இருந்தாலும் சளி பிடித்தவர் மாதிரிதான் பாடுவார். லோடு வண்டிக்கு இது போதும் என்று வண்டி செய்தவன் முடிவு பண்ணியிருக்கிறான். ஓட்டுகிறவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நான் ஓட்டுவது ஒற்றை கேபின் பிக்கப். கடலூர் குடோனில் இறால் தீவன மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, சிதம்பரத்தைத் தாண்டி, பிச்சாவரம் பக்கத்துப் பண்ணைகளில் இறக்குவது தொழில். கடலூருக்குப் போகும்போது காலி, திரும்பும்போது பாரம். சொந்த ஊர் கீரப்பாளையம் பக்கம். அப்பாவிடம் டிராக்டர் இருந்தது. ஆண் பிள்ளை இல்லாத குறைக்கு என்னை அதில் ஏற்றி உட்காரவைத்தார் என்று ஊரில் சொல்வார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. வீட்டில் எனக்குத்தான் கிளட்ச் வரைக்கும் கால் எட்டியது, அதனால் உட்கார்ந்தேன்.

நான் நல்ல உயரம். பள்ளிக்கூடத்தில் என்னைக் கொடிமரம் என்றுதான் கூப்பிடுவார்கள். ரெடிமேட் நைட்டி எனக்குக் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். சுடிதாரின் முழுக்கை எனக்கு முக்கால் கை. பஸ்ஸில் உட்கார்ந்தால் முன் சீட்டுக்காரர் முதுகில் முட்டியால் இடிக்கிறேன் என்று சண்டைக்கு வருவார். பெண் பார்க்க யாராவது வருகிறார்கள் என்றால், அவர்கள் வாசலுக்கு வருவதற்குள் அம்மா என்னைப் பாயில் உட்காரவைத்துவிடுவாள், எழுந்திருக்கவே விடமாட்டாள். கடைசியில் என்னைக் கட்டிக்கொண்டவர் சொந்த மாமன் மகன். சின்ன வயதிலிருந்தே பார்த்தவர் என்பதால் அவரிடம் மறைக்க எதுவுமில்லை. என் தோளுக்குக் கொஞ்சம் மேலே வருவார். அதைப் பற்றி இதுநாள் வரை அவரும் கவலைப்பட்டதில்லை, நானும் பட்டதில்லை.

அவருக்குச் சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை. வண்டி ஓட்டத் தெரியாது, உட்கார்ந்து வரவும் முடியாது. கொஞ்ச தூரம் போனாலே வயிற்றைப் பிரட்டும். சட்டைப்பையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் என் வண்டியில் ஏறமாட்டார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கடை லீவு என்றால், பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். தனியாக வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்பார். எனக்கும் அது பிடிக்கும்.

அவர் வருவதில் ஒரே ஒரு தொல்லை. எங்கே போய் நின்றாலும் கேள்வி அவரிடம்தான் போகும். சாவி என் கையில் இருக்கும், ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன கையும் என்னுடையது. ஆனால் டயர் கடைக்காரர் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், "காத்து எவ்ளோண்ணே வைக்கிறது?" என்று அவரைக் கேட்பார். இவரும் தெரியாது என்று சொல்லமாட்டார். "நார்மலா வைங்க" என்பார். நார்மல் என்றால் எவ்வளவு என்று அவருக்குச் சத்தியமாகத் தெரியாது. நான் இந்தப் பக்கத்திலிருந்து கத்திச் சொல்வேன். டயர்காரர் அவரை ஒரு பார்வை பார்ப்பார், அவர் தலையாட்டுவார், அதற்குப் பிறகுதான் காற்று ஏறும்.

பேஸ் ஆசை எனக்கு ஒரு மழை நாளில் வந்தது. பண்ணையில் மூட்டை இறக்க முடியாமல் எல்லா வண்டிகளும் நின்றுகொண்டிருந்தன. என் வண்டி கண்ணாடி ஏற மறுத்துத் தகராறு செய்ததால், தெரிந்த டிரைவர் ஒருவர் தன் வண்டியில் ஏறி உட்காரச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆயிரம் தடவை கேட்ட பாட்டுதான். ஆனால் சீட்டின் முதுகிலிருந்து ஒரு அதிர்வு கிளம்பி என் முதுகெலும்பில் ஏறியது. அந்தப் பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமாகப் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன். பொறாமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

என் வண்டியில் இருக்கும் சாமான் ஒவ்வொன்றும் வேலைக்கானது. கயிறு, தார்ப்பாய், ஜாக்கி, தண்ணீர் கேன். சாமி படம்கூட வண்டி நல்லபடியாக ஓட வேண்டும் என்று மாட்டியதுதான். எனக்காக, எனக்குப் பிடிக்கும் என்பதற்காக, அதில் ஒன்றுமே இல்லை. ஒரு நாளில் தூங்கும் நேரத்தைக் கழித்தால் வீட்டில் இருப்பதைவிட அந்த கேபினில்தான் ஜாஸ்தி இருக்கிறேன். அந்த அதிர்வைக் கொடுக்கும் ஊஃபர் ஸ்பீக்கரை மாட்டியே தீருவது என்று முடிவு செய்தேன். வீட்டில் சொன்னபோது, "லோடு வண்டிக்கு என்னாத்துக்கு அதெல்லாம்?" என்றார் அவர். "வண்டிக்கு இல்ல மாமா, எனக்கு" என்றேன்.

ஊஃபரை வாங்கிவிடலாம், அதை வைக்கும் பெட்டிதான் பிரச்சினை. காரில் என்றால் டிக்கி இருக்கிறது, எந்தப் பெட்டியையும் தூக்கிப் போடலாம். என் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு சந்து. மேலே ஒடுங்கி, கீழே போகப் போகக் கொஞ்சம் அகலும். அதில் ஜாக்கியும் கிடக்க வேண்டும். கடையில் தயாராக இருக்கும் பெட்டியை வாங்குவதா, அளவு கொடுத்துச் செய்வதா என்று கேட்டால், ஆளுக்கொரு கதை சொன்னார்கள். முதலில் கடலூரில் பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம்.

கடைக்காரர் சுறுசுறுப்பான ஆள். வண்டியை நிறுத்தி நான் இறங்குவதற்குள், அந்தப் பக்கக் கதவைத் திறந்து என் வீட்டுக்காரரைக் கை பிடிக்காத குறையாக உள்ளே அழைத்துப் போய்விட்டார். நான் போனபோது பிரசங்கம் பாதி முடிந்திருந்தது.

"ரெடிமேட்னா இன்னிக்கே மாட்டிகினு போய்க்கலாம்ண்ணே. கம்பெனிக்காரன் ஊஃபருக்கு ஏத்த மாதிரி கணக்கு பண்ணி செஞ்சிருக்கான். நாளைக்கு வண்டிய வித்தாகூட பெட்டிய கழட்டி வேற வண்டியில போட்டுக்கலாம். ஆசாரிகிட்ட குடுத்து செஞ்சீங்கன்னா அவுரு இஷ்டத்துக்கு செய்வாரு, சத்தம் கொழகொழன்னு வரும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் இன்றைக்கே மாட்டிக்கொண்டு போக ஆசைதான். சன்னமான பெட்டியாகப் பார்த்து எடுத்து, கேபினுக்குள் நுழைத்துப் பார்த்தார். பக்கத்து சீட்டுக்குப் பின்னால் சிக்கலில்லாமல் போனது. என் சீட்டுக்குப் பின்னால் மட்டும் நுழையவில்லை. சீட்டின் லீவரைப் பிடித்து முன்னால் இழுத்தார். பெட்டி போய் உட்கார்ந்தது. அவர் முகத்தில் வெற்றி. நான் ஏறி உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் ஸ்டீயரிங்குக்கு அடியில் போய் இடித்தன.

"நாலு விரக்கடைதானக்கா. அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார். அப்போதுதான் முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. "அந்த நாலு விரக்கடைய உங்க கால்ல இருந்து வெட்டிக் குடுங்க. நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்" என்றேன்.

அவர் அசரவில்லை. திரும்பி இவரிடம், பக்கத்து சீட்டையே கழற்றிவிட்டால் பெரிய பெட்டியாகவே வைக்கலாம், அடி சும்மா பிரமாதமாக இருக்கும் என்று யோசனை சொன்னார். "அப்ப நான் எங்க ஒக்கார்றது? தீவன மூட்டை மேலயா?" என்று கேட்டார் இவர். வண்டி யாருடையது என்று கடைக்காரருக்கு அப்போதுதான் லேசாகச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். என்னையும் பார்த்தார், இவரையும் பார்த்தார். நான் சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினேன். இன்னொரு ரெடிமேட் நைட்டிக்கு நான் தயாராக இல்லை.

திரும்பும் வழியில் குடிகாடு வந்தது. அந்த இடம் வந்தால் ரசாயன ஆலை நாற்றத்துக்குப் பயந்து எல்லா வண்டியும் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளும், நானும் ஏற்றினேன். அந்தச் சாலையில் என் தகர ஸ்பீக்கர் கொஞ்சமாவது மனுஷக் குரலில் பாடும் இடம் அதுதான், வெளிச்சத்தம் உள்ளே வராது பாருங்கள். அந்தக் காற்றுக்காக ஏற்றும் கண்ணாடியைப் பாட்டுக்காகவும் கொஞ்ச தூரம் கூடுதலாக ஏற்றியே வைத்திருப்பது என் வழக்கம். அன்றைக்கு அந்த மூடிய கேபினில் அவர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே, "இந்த சத்தமே நல்லாத்தான கீது? வுடேன்" என்றார். "நீ கடைய வுடு, நான் இத வுடறேன்" என்றேன். அதற்குப் பிறகு சிதம்பரம் வரை அவர் பழத்தோடு சரி.

அளவு கொடுத்துச் செய்கிறவர் சிதம்பரத்திலேயே இருந்தார், வண்டிகேட் பக்கம். திருவிழாவுக்குப் பாட்டு போடுகிறவர்களுக்கு ஸ்பீக்கர் பெட்டி, டிராக்டருக்குப் பெட்டி, ஆட்டோவுக்குப் பெட்டி என்று செய்து கொடுப்பவர். தகரக் கொட்டகை, உள்ளே பலகைத் தூள், பசை வாடை. வேலை சுத்தமாக இருந்தது. மூலைகள் எல்லாம் இடுக்கில்லாமல் பொருந்தியிருந்ததைத் தடவிப் பார்த்தேன். அவருக்குப் பேச்சுதான் கொஞ்சம் ஜாஸ்தி, அதுவும் என்னிடம் இல்லை.

"ஊஃபருக்கு மூச்சு வுட எடம் வேணும்ண்ணே. பெட்டி சின்னதாப் பூட்டா டொக்கு டொக்குன்னு கதவத் தட்டற மாதிரி கேக்கும். நான் இன்னா பண்றேன், அந்தாண்ட சீட்டு பின்னாடி பெட்டிய ஆழமா எடுத்துக்கறேன். டிரைவர் பின்னாடி மெலிசா இழுத்துட்றேன். ஒரே பெட்டி, ரெண்டு கனம். ஜாக்கிக்கு அடியில ஒரு பொந்து வுட்டுட்றேன். இன்னா சொல்றீங்க?"

இவர் "ம்" என்றார். எனக்கு அந்த யோசனை உடனே பிடித்துவிட்டது. கோணலான சந்துக்குக் கோணலான பெட்டி. கடையில் கிடக்கும் பெட்டிக்காக நான் கால் மடக்க வேண்டாம், எனக்காகப் பெட்டி தன் உடம்பை மடக்கிக்கொள்ளும். நாள் ஆகும், செலவும் கூடுதல், வண்டியை விற்றால் பெட்டியும் அதோடு போகும். ஆகட்டும் என்று ஒத்துக்கொண்டேன். விற்பதற்காகவா பாட்டு கேட்கிறோம்?

அந்த நேரம் பார்த்துப் பண்ணை முதலாளி போன் செய்தார். தீவனம் எப்போது வரும் என்று கேட்டு, பதில் சொன்ன பிறகும் மறுபடி கேட்கிற மனிதர். கொட்டகைக்குள் சிக்னல் இல்லாததால் சாலையோர வேப்பமரத்தடிக்கு வந்து பேசிக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டே திரும்பிப் பார்த்தால் இவர் என் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, முகமெல்லாம் சிரிப்பு. வண்டி ஓடாதவரை அவருக்கு வயிறு பிரட்டாது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மகள் வெளியூரில் காலேஜ் படிக்கிறாள். போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். பக்கத்தில் பெட்டிக்காரர் குனிந்து டேப்பை இழுத்துப் பிடித்திருந்ததும் அந்தப் போட்டோவில் விழுந்திருக்கிறது. கண்ணிருந்தும் நான் அதைப் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். "டிரைவர் சீட்ல ஒக்காருங்கண்ணே, நீங்க ஒக்காந்தா சீட்டு எங்க நிக்குதோ அதுக்குப் பின்னாடி எவ்ளோ எடம்னு பாத்துக்கறேன்" என்று பெட்டிக்காரர் சொல்லியிருக்கிறார். இவரும் உட்கார்ந்திருக்கிறார். பெடல் எட்டவில்லை. லீவரைத் தூக்கி, கால் எட்டும் வரை சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டிருக்கிறார். பெட்டிக்காரர் அதற்குப் பின்னால் அளந்திருக்கிறார். நான் போன் பேசி முடித்து வந்தபோது, "எல்லாம் எடுத்தாச்சு" என்றார்கள் இருவரும். சரி என்று வந்துவிட்டோம். தையற்காரரிடம் அளவு ஜாக்கெட் கொடுப்போமே, அந்த மாதிரி நான் என் புருஷனை அளவுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அது எனக்குப் பெட்டி வந்த பிறகுதான் விளங்கியது.

பெட்டி மாட்டியது இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. கறுப்பு கார்பெட் ஒட்டி, சந்துக்குள் வார்த்து ஊற்றியது போல் உட்கார்ந்திருந்தது. என்னைப் பக்கத்து சீட்டில் உட்காரச் சொல்லி, இவரை டிரைவர் சீட்டில் ஏற்றி, பாட்டைப் போட்டார் பெட்டிக்காரர். அந்த மழை நாள் திரும்பி வந்தது. தவில் தவிலாக இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து எனக்காகவே வாசிக்கிற மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். கொடுத்த காசு, அலைந்த அலைச்சல் எல்லாம் அந்த ஒரு பாட்டிலேயே எனக்குத் திரும்பிவிட்டது.

பிறகு நான் என் சீட்டுக்கு மாறி உட்கார்ந்து, வழக்கம்போல லீவரைத் தூக்கிப் பின்னால் தள்ளினேன். சீட்டு நகரவில்லை. மறுபடி தள்ளினேன். பெட்டியின் விளிம்பில் டொக்கென்று இடித்து நின்றது. கடலூர்க் கடையில் இடித்த அதே இடத்தில் என் முட்டி இடித்தது.

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. பெட்டிக்காரர் இவரைப் பார்த்து, "நீங்க ஒக்காந்துதானண்ணே அளவு எடுத்தேன்?" என்றார். இவர் என்னைப் பார்த்தார். இவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. என் மேலும் வந்தது, போட்டோ எடுத்துச் சிரித்தவள் நான்தானே. அப்போதே கழற்றச் சொன்னேன். பசை காயவில்லை, இப்போது எடுத்தால் பெட்டி வாயைப் பிளந்துகொள்ளும், நாளைக்கு வாருங்கள் என்றார் பெட்டிக்காரர். கடலூரில் லோடு தயாராக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று இறாலுக்குப் பசிக்காமல் இருக்குமா? முட்டியை இரண்டு பக்கமும் அகட்டி, தவளை மாதிரி உட்கார்ந்து வண்டியை எடுத்தேன்.

போகும்போது காலி வண்டி. குடிகாட்டில் கண்ணாடி ஏற்றியதும் கேபின் முழுக்கப் பாட்டு நிறைந்தது. காலைக்கூட மறந்துவிட்டேன். பழகிவிடும் போலிருக்கிறதே, இப்படியே ஓட்டிவிடலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. காலம் முழுக்க அட்ஜஸ்ட் பண்ணிய உடம்பு, இன்னும் நாலு விரக்கடை பண்ணாதா என்ன? அந்த யோசனை வந்ததற்காக இன்றைக்கும் எனக்கு என் மேல் எரிச்சல்தான்.

திரும்பும்போது முழு பாரம். புதுச்சத்திரத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் போன, பின்சீட்டில் மீன் கூடை கட்டிய மொபெட் ஒன்று, கை காட்டாமல் கொள்ளாமல் சாலையின் குறுக்கே திரும்பியது. பிரேக்குக்குக் காலைத் தூக்கினேன். முட்டி ஸ்டீயரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஒரு நொடிதான் இருக்கும். இழுத்துப் பிடுங்கி மிதித்தேன். மூட்டைகள் பின்னால் மொத்தமாக நகர்ந்து கேபினில் மோதின. இவர் கண்ணாடியில் போய் முட்டாமல் கையை ஊன்றிக்கொண்டார். வண்டி நின்றபோது மொபெட்டின் கூடை என் பம்பரைத் தொட்டுக்கொண்டிருந்தது. மொபெட்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஆள் இறங்கி வந்தார். தப்பு அவருடையது, அது அவருக்கும் தெரியும். நேராக வந்தவர் என் பக்கம் வரவில்லை. சுற்றிக்கொண்டு போய் இவருடைய ஜன்னலைத் தட்டினார்.

"ஏன்யா, பொம்பள கையில வண்டிய குடுத்துட்டு நீ சும்மா ஒக்காந்துகினு வர்றியே, உனக்கு அறிவு கீதா?"

மற்ற நாளாக இருந்தால் நான் இறங்கி அவரை ஒரு வழி பண்ணியிருப்பேன். அன்றைக்குச் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு சைக்கிளைக்கூட நான் உரசியதில்லை. பிரேக்கை ஏன் ஒரு நொடி தாமதமாக மிதித்தேன் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? எலுமிச்சம்பழம் கீழே உருண்டு போயிருந்தது, அதைக்கூட இவர் எடுக்கவில்லை.

மொபெட் போன பிறகு பாட்டை நிறுத்தினேன். இவர் மெதுவாக, "பெட்டிய எடுத்துடலாம்மே. போனா போவுது" என்றார்.

"மாட்டேன்."

"கால் மாட்டிகிச்சே..."

"பெட்டியும் வேணும், காலும் வேணும். இப்ப எடுத்துட்டேன்னு வையி, அந்த ஆளு சொன்னது நெசம்னு ஆயிடும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் மாமா. உன் அளவுக்குச் செஞ்ச சீட்டுலதான் ஓட்டத் தெரியல."

சொன்ன பிறகு அது அவரைக் குத்தியிருக்கும் என்று பட்டது. திருப்பி எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அழுகையும் வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, முட்டியை அகட்டி உட்கார்ந்து, பண்ணை வரை ஆமை மாதிரி ஓட்டிப் போய் மூட்டையை இறக்கினேன்.

மறுநாள் திங்கட்கிழமை. கடை திறக்கும் நாள். நான் வண்டியை எடுக்கும்போது அவர் வந்து ஏறினார். "கடை?" என்றேன். "மத்தியானம் தொறந்துக்கலாம்" என்றார். பழம் எடுத்து வரவில்லை. பக்கத்தில்தானே போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கொட்டகை வாசலில் நிறுத்தியதும், பெட்டிக்காரர் பசை படிந்த கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பழக்க தோஷம், அந்தப் பக்க ஜன்னலுக்கே போனார்.

"ராத்திரியெல்லாம் யோசன பண்ணேண்ணே. பிரிச்சு செஞ்சா வேல ஜாஸ்தி. பலகையும் வீணாப் பூடும். சத்தம்தான் சூப்பரா கீதில்ல? அக்காவுக்கு ஓட்ட ஓட்ட பழகிடும்ண்ணே. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

இவர் கதவைத் திறந்து இறங்கினார். பதில் சொல்லப் போகிறார், "நார்மலா செய்ங்க" என்று ஏதாவது சொல்லி வைக்கப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவரோ பெட்டிக்காரரைத் தாண்டி நடந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்தார். எதிர்ப்பக்க டீக்கடை பெஞ்சில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"அண்ணே!" என்று கூப்பிட்டார் பெட்டிக்காரர். காது கேட்காத தூரமில்லை. "அண்ணே, இன்னா பண்றது சொல்லிட்டுப் போங்க!"

அவர் திரும்பவில்லை. டீக்கடைக்காரரிடம் ஏதோ சொன்னார், டம்ளர் வந்தது, ஊதி ஊதிக் குடிக்க ஆரம்பித்தார். அவர் டீயை அவ்வளவு நேரம் ஊதுகிறவர் இல்லை. கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த முதுகை அப்படியே போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

பெட்டிக்காரர் கையில் டேப்போடு கொஞ்ச நேரம் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்பதற்கு வேறு ஆள் யாரும் அங்கே இல்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு மெதுவாக என் பக்க ஜன்னலுக்கு வந்தார்.

"உங்களுக்கு எப்புடிக்கா வேணும்?" என்றார்.

"மொதல்ல இந்தப் பெட்டிய வெளிய எடுங்க" என்றேன்.

எடுத்தார். ஆணிகளைக் கழற்றவும், பெட்டியை அசைத்து அசைத்து வெளியே இழுக்கவும் நேரம் பிடித்தது. நான் அவசரப்படுத்தவில்லை. எல்லாம் வெளியே போன பிறகு ஏறி உட்கார்ந்தேன். லீவரைத் தூக்கி, சீட்டைக் கடைசிப் பல் வரைக்கும் பின்னால் தள்ளினேன். முதுகை நன்றாகச் சாய்த்து, கிளட்ச்சையும் பிரேக்கையும் மிதித்து, காலை நீட்டிக்கொண்டேன்.

"டிரைவர் ஒக்காந்துட்டேன்" என்றேன். "இப்ப எடுங்க அளவ."